நீர்மாலைக்கு அழைக்காத வீடு

மாமனார் இறந்துவிட்டார் என்று அவள் போனில் சொன்னபோது, என்ன ஆச்சு, எப்போது எடுக்கிறார்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை கடை திறந்துருவியல்லா?" என்றுதான் கேட்டேன். இந்த உத்தியோகம் ஆளை அப்படி ஆக்கிவிடும். எதிர்முனையில் இருமல் கேட்டது. பிறகு, "தெரியல மேடம். தெருவுல எல்லாருக்கும் தீட்டு" என்றாள். அன்றைக்குப் புதன்கிழமை.

பெண்களைக் குழுவாகச் சேர்த்து, அவர்களுக்கு ஒரு தொழிலும் அந்தத் தொழிலுக்கு ஒரு இடமும் பிடித்துக் கொடுப்பது என் வேலை. ஆபீஸ் பாஷையில் சமுதாய மேம்பாடு, வாழ்வாதாரம் என்று பெரிய பெரிய பெயர்கள் அதற்கு உண்டு. உள்ளபடி சொன்னால் பாதி நாள் சண்டை போடுவதுதான் வேலை. வங்கியில் சண்டை, தாலுகா ஆபீசில் சண்டை, கூட்டத்துக்கு வராத மைக் செட்காரனிடம் சண்டை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். மாவட்டம் பிரிந்து நான் தென்காசிக்கு மாற்றலாகிக் கிளம்பியபோது, திருநெல்வேலி ஆபீசில் வழியனுப்பிப் பேசியவர்களில் பாதிப் பேர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. தெரியட்டும். நான் அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை.

கடை என்று நான் கேட்டது, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. சீசனில் ஜனங்கள் தலையில் எண்ணெய் வடிய அருவிக்குப் போவார்கள், பல் கிட்டித்துப்போய்த் திரும்பி வருவார்கள். அந்த நேரத்தில் சூடாக எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்பார்கள். மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, சுக்குக் காப்பி போதும். இந்த மாதிரி இடமெல்லாம் சீசனுக்குச் சீசன் ஏலத்தில் போகும். எடுப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். குற்றாலத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கொட்டகைக்கு அடுத்த பரோட்டாக் கடையும் அவருடையதுதான்.

நான் படி ஏறி இறங்கி, கெஞ்ச வேண்டிய இடத்தில் கெஞ்சி, கத்த வேண்டிய இடத்தில் கத்தி, அந்தக் கொட்டகையை மட்டும் ஏலத்திலிருந்து விலக்கி ஒரு மகளிர் குழுவுக்கு வாங்கியிருந்தேன். சும்மா கொடுப்பார்களா? நிபந்தனை போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அதிகாரி ஆய்வுக்கு வரும்போது கடை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குழுவில் உள்ள பெண்தான் அடுப்பு பற்றவைத்து வியாபாரம் பண்ண வேண்டும், வேறு ஆளை நிறுத்தக் கூடாது. தவறினால் இடம் திரும்ப ஏலத்துக்குப் போய்விடும். அண்ணாச்சி அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

போனில் பேசியவள் அந்தக் குழுவின் தலைவி. கீழப்பாவூர்ப் பக்கத்தில் ஒரு ஊர். அவளும் மற்றவர்களும் ஒரே தெரு. குழு சேர்க்கும்போது ஒருத்தியை ஒருத்தி அறிந்தவர்களாகப் பார்த்துச் சேருங்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே சேர்த்தேன். ஒரே தெரு, ஒரே வகையறா, எல்லாரும் பங்காளி வீட்டு மருமகள்கள். மதினி, கொழுந்தி என்று கூப்பிட்டுக்கொண்டு ஒரு நாள் கூட்டம் தவறாமல் வந்தார்கள். ஒற்றுமைக்கு இந்தக் குழுவைப் பாருங்கள் என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவோம். ஒரு பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் குழு மொத்தமும் பதினாறு நாள் தீட்டில் உட்கார்ந்துவிடும் என்பது எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நான் என்ன சீமையிலிருந்தா வந்தேன்?

வியாழக்கிழமை காலை ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். மலைப்பக்கம் மூடிக் கிடந்தது, சாரல் பாவூர்சத்திரம் வரைக்கும் அடித்தது. வேறு நாளாக இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைக் காட்டியிருப்பேன். அன்றைக்கு டிரைவர் இரண்டு தடவை ஏதோ பேச வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முதலில் குழுப் பெண்களைத்தான் பார்த்தேன். தெருமுனையில் அடிபம்பு பக்கம் நின்றார்கள். யாராவது ஒருத்தி வந்து அடுப்பைப் பற்றவைத்தால் போதும், அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒருத்தரும் நிமிரவில்லை. குழுவின் செயலாளராக இருந்த பெண்தான் பேசினாள்.

"ஏற்கனவே நடக்குத கடைன்னா பரவால்ல மேடம். இது புதுசா தொடங்குத தொழிலு. தீட்டோட அடுப்பு பத்த வச்சா வெளங்குமா? நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எங்க வீட்டுல என்னையத்தான் சொல்லுவாவ."

"அந்த அண்ணாச்சிக்கு இடம் போச்சுன்னா மட்டும் வெளங்கிருமோ?" என்றேன்.

"எங்களுக்கு மட்டும் வயிறு எரியலையா மேடம்? வீட்டு ஆம்பளைய விட மாட்டாவ."

திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. யாரைத் திட்டுவது? எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து கழுத்து போனவர்கள். இந்தக் கடையை அவர்கள் ஆசைப்படவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? பேசாமல் தலைவி வீட்டுக்கு நடந்தேன்.

வீடு என்றால் ஒரே அறை. மாமனார் வீட்டுக்கு நேர் எதிர் வரிசையில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் ஆரியங்காவு தாண்டி மரம் அறுக்கிற வேலைக்கென்று போனவன், போனவன்தான். அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊரில் பேச்சு. அவன் போன கொஞ்ச நாளிலேயே கொழுந்தன், அதாவது புருஷனின் தம்பி, இவளுடைய பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தான். வேறு பெண்ணாக இருந்தால் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இவள் எதிர் வரிசையில் அறை பிடித்து உட்கார்ந்துகொண்டாள். காலையில் கதவைத் திறந்தால் அந்த வீட்டு வாசல்தான் தெரியும். மாமியார் கோலம் போட வரும்போது இவளும் கோலம் போடுவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஏம்மா உனக்கு இந்த வேண்டாத வேலை என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ மேடம். நீ எங்க ஆளு இல்லன்னு அவிய சொல்லுதவரைக்கும் நான் எங்க போவேன்?" என்றாள்.

அன்றைக்கு அவள் பீடித் தட்டைத் தொடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடாமல் இருமினாள். பீடித்தூள் ஆகாது, இந்த வேலையை விடு என்று தென்காசி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஜ்ஜிக் கடை அவளுக்கு ஆசை மட்டும் இல்லை. நெஞ்சுக்குள்ளே மூச்சு போய் வர அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

"நீயாவது வா. உன்னை அந்த வீட்டுல சேர்க்கவே இல்லையே. உனக்கு என்ன தீட்டு?" என்றேன்.

"நேத்து நீர்மாலை எடுத்தாவ மேடம்" என்றாள்.

செத்தவரைக் குளிப்பாட்ட மகன்களும் மருமகள்களும் மேளத்தோடு போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. எங்கள் பக்கத்தில் அந்தக் குடம் தூக்குகிற உரிமைக்காக வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கிறது.

"குளிச்சிட்டு ஈரச்சேலையோட வாசல்ல நின்னேன். எப்படியும் கூப்பிடுவாவன்னு நெனச்சேன். மூத்த மருமவல்லா. என்னையத் தாண்டித்தான் போனாவ. ஒருத்தரும் கூப்பிடல. சொக்காரப் பெண்டுவ, பங்காளி வீட்டாளுவ எல்லாம் குடம் எடுத்தாளுவ. நான் நின்னுக்கிட்டே இருந்தேன்."

இருமி முடித்து மேலே சொன்னாள்.

"இன்னைக்குக் காலையில கொழுந்தன் ஆள் விட்டுச் சொல்லுதான், உனக்கும் தீட்டு உண்டு, அடுப்பு பத்த வச்சா நடக்கதே வேறன்னு."

கொழுந்தனுக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று யோசிக்கவே வேண்டாம். சீசனுக்குச் சீசன் அவன் அண்ணாச்சி கடையில் பரோட்டா போடுகிறவன். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "அவன் கிடக்கான். நீ வண்டியில ஏறு. போலீஸ் வேணும்னாலும் நான் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

அவள் அசையவில்லை. "அப்படி வந்தா, தீட்டு இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்? இந்த வீட்டு ஆளு இல்லன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி. அதுக்கா இத்தனை வருசம் எதிர்த்தாப்புல உக்காந்திருக்கேன்?"

அப்போதுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது. அடுப்பைப் பற்றவைத்தால் வீடு போய்விடும். வைக்காவிட்டால் கடை போய்விடும். நான் இத்தனை வருடம் படித்த சட்டதிட்டம் ஒன்றிலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. ஆபீஸ் வேறு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு எல்லாம் தயாரா என்று கேட்டார்கள். தயார் சார் என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் எழுந்து முகத்தைக் கழுவி, முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "மேடம், நான் ஒரு வார்த்தை அங்கன கேட்டுட்டு வாரேன். நீங்க கூட வாங்க. ஆனா ஒண்ணும் பேசப்படாது. நின்னாப் போதும்" என்றாள். என்னிடம் போய்ப் பேசாமல் நில் என்கிறாள்.

தெருவைத் தாண்டினோம். அவ்வளவுதான் தூரம். வாசலில் துக்க வீட்டுப் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொழுந்தன். உள்ளே நடைக்கு அப்பால், தரையில் பெண்களுக்கு நடுவில் மாமியார். இவள் பந்தலுக்குள் கால் வைக்கவில்லை, ஓரத்திலேயே நின்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, எனக்குத் தீட்டு உண்டுன்னு சொல்லி விட்டியளாமே" என்றாள்.

"பின்ன?" என்றான் அவன். "அப்பாவுக்குப் பதினாறு கழியாம எவ அடுப்பு பத்த வப்பா? ஊருல கேட்டுப் பாரு."

"சரி. அப்போ நான் இந்த வீட்டு மருமவதானே?"

அவன் பந்தலில் இருந்த பெரியவர்களைப் பார்த்தான்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே உள்ள வந்து அத்தை பக்கத்துல உக்காருதேன். பதினாறு நாளும் இங்கனயே கெடக்கேன். கடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

கடையும் வேண்டாம் என்கிறாளே, நான் ஏறி இறங்கினதெல்லாம் என்னாவது? அதே சமயம், ஆமா என்று அவன் சொல்லிவிடட்டும் என்றும் அடித்துக்கொண்டது. இன்றைக்கு வரைக்கும் எது எனக்கு அதிகமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் ஒருவர், "ஏளா, எழவு வீட்டுல வந்து இதெல்லாமா பேசுவாவ?" என்றார்.

"நீர்மாலைக்குக் கூப்பிடாதவிய தீட்டுக்கு மட்டும் கூப்பிடுதாவளே பெரியப்பா. அதான் கேக்கேன்."

கொழுந்தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். அவன் மனசுக்குள் ஓடியது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. மருமகள் என்று சபையில் ஒத்துக்கொண்டால் நாளைக்கு வீட்டில் பங்கு என்று வந்து நிற்பாள். கடையா வீடா என்றால் அவனுக்கு வீடுதான்.

"அண்ணனே இல்லன்னு ஆன பொறவு நீ என்ன மருமவ?" என்றான். "உனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் கெடையாது."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள். குரல் ஏறவே இல்லை. "ஒண்ணும் கெடையாதுன்னா தீட்டும் கெடையாது."

அவள் திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. நடைக்கு அப்பால் மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவி முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி தரையைப் பார்த்திருந்தாள். தலையைத் தூக்கினால் போதும், இவள் கடையை விட்டுவிட்டு உள்ளே ஓடியிருப்பாள். கிழவி தூக்கவில்லை. என் நாக்கு நமநம என்றது. பேசப்படாது என்று சொல்லியிருந்தாளே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜீப்பில் அவள் அழவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் வாழைக்காய் சீப்பை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முற்றல் என்று தள்ளி, வியாபாரியிடம் வழக்காடி வாங்கினாள். பஜ்ஜி மிளகாயை ஒடித்து முகர்ந்து பார்த்தாள். நான்தான் வண்டிக்குள் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். டிரைவர், மேடத்துக்குச் சாரல் ஒத்துக்கிடல போல என்றார். ஆமா, நீரு ரோட்டைப் பாரும் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து காற்று. கொட்டகையின் ஒரு பக்கம் தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. அடுப்பு பற்றுவதும் அணைவதுமாக இருந்தது. நான் தார்ப்பாயின் மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், சேலையெல்லாம் நனைந்து தெப்பல். பக்கத்துக் கடை வாசலில் அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்க விடவில்லை என்றார்கள். கூட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை, அடுப்பு எரிய வேண்டும். அவள் ஒரு பழைய தகரத்தைத் தேடி எடுத்து அடுப்புக்கு மறைப்பாக வைத்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்று, மறுபடி பற்றவைத்தாள். பிடித்துக்கொண்டது.

ஆய்வு அதிகாரி வந்து இறங்கியதும் அண்ணாச்சி குடையோடு முன்னால் வந்தார். "சார், தீட்டு வீட்டுக்காரிய வச்சுக் கடை தொடங்குதாவ. நாளப்பின்ன ஊருல பிரச்சனையாயிரும், சொல்லிட்டேன்" என்றார்.

நான் தார்ப்பாயை விட்டுவிட்டுப் பாயப் போனேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "அண்ணாச்சி, உங்க கடை பரோட்டா மாஸ்டர்தான் நேத்து சபையில வச்சு எனக்குத் தீட்டு இல்லன்னு சொன்னாரு. போன் போட்டுக் கேளுங்க." அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண் முழுக்க எண்ணெய்ச் சட்டியிலேயே இருந்தது. மிளகாய் பஜ்ஜி தின்று, சுக்குக் காப்பி குடித்து, நல்லாயிருக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கடை எங்களுக்கு என்று ஆகிவிட்டது.

பதினாறு கழிகிற வரைக்கும் அவள் ஒற்றை ஆளாகத்தான் ஓட்டினாள். சனி ஞாயிறுகளில் நான் போய் மாவு கரைத்தேன். உப்பு போதாது, கட்டி கட்டியாக இருக்கிறது என்று என்னையே விரட்டினாள். அரசாங்க உத்தியோகஸ்தி என்று கொஞ்சமாவது பார்த்தாளா? எதிர் வரிசை அறையைக் காலி செய்துவிட்டு, குற்றாலத்திலேயே ஒரு லாட்ஜுக்குப் பின்னால் சின்ன இடம் பார்த்துக்கொண்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பதினாறு முடிந்த மறுநாள் குழுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு நானும் இருந்தேன். பக்கத்துக் கடையில் கொழுந்தனும் வேலைக்கு வந்துவிட்டான். தலையில் முடி குத்திட்டு முளைத்திருந்தது. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். செயலாளர் பெண் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடுப்பில் செருகியிருந்த சின்னக் குப்பியை எடுத்தாள். நல்லெண்ணெய். பதினாறு அன்றைக்குச் செத்த வீட்டிலிருந்து பங்காளி வீடுகளுக்கெல்லாம் எண்ணெயும் சீயக்காயும் கொடுப்பார்கள். அதைத் தலைக்கு வைத்துக் குளித்தால்தான் தீட்டு கழியும். வீட்டு ஆள் என்று இருக்கிற ஒவ்வொருவருக்கும் அது உண்டு.

"உங்க அத்தை குடுத்து விட்டாவ மதினி" என்றாள் மெதுவாக. "யாருக்கும் தெரியாம. மூத்தவளுக்குச் சேர வேண்டியது, தலைக்கு வச்சுக் குளிக்கச் சொல்லுன்னாவ. கண்ணெல்லாம் கலங்கிட்டு."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கினாள். மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து அவள் காத்திருந்தது அந்தக் குப்பிக்குள் இருந்தது. பக்கத்துக் கடையில் பரோட்டா அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. அதை அவள் வாங்கி வைத்துக்கொண்டால், தீட்டோடு அடுப்பு பற்றவைத்தவள் என்று ஆகிவிடும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அங்கே நின்றவனுக்கும் தெரியும்.

மூடியைத் திருகி இறுக்கி, செயலாளர் பெண் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்கு எதுக்கு இது? நான் அந்த வீட்டு ஆளு இல்லையேன்னு சொல்லு" என்றாள், பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி.

பரோட்டாச் சத்தம் மறுபடி தொடங்கியது. அவள் சட்டியில் கிடந்த பஜ்ஜிகளை அரித்தெடுத்து எண்ணெயை வடியவிட்டாள். நல்லதாக நாலைந்து பொறுக்கி, வாழையிலையில் வைத்து, மேலே காகிதம் சுற்றி நூலால் கட்டினாள். அதைச் செயலாளர் பெண்ணின் பைக்குள் அவளே அடியில் வைத்தாள்.

"அத்தைக்குக் குடு. காரம் கம்மியா உள்ளதாத்தான் எடுத்திருக்கேன்" என்றாள். "நான் குடுத்தேன்னு சொல்லாத. கடையில வாங்கினதுன்னு சொல்லு."